மையவாடிப் பூ

வெள்ளிக்கிழமைதோறும் சுபுஹுத் தொழுகைக்குப் பின் மையவாடிக்குச் சென்று, பெற்றோரின் கப்ருகளை ஜியாரத் செய்து திரும்புவது நமது நெடுநாளைய வழக்கம். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த நம் ஊரின் மையவாடி பெரும்பாலும் வெண்மணற் பரப்பே. மூலைக்கொன்றாக இரண்டு வேம்புகள் நிற்கின்றன. மற்றபடி ஓங்கி வளர்ந்தது எதுவும் அங்கே இல்லை. ஆயினும் சித்திரை வெயிலில் மணல் கொதிக்கும்போதும், ஐப்பசி மழையில் பாதை சேறாகும்போதும், அங்கே ஒரு செடி மட்டும் ஓய்வின்றிப் பூத்துக்கொண்டிருக்கிறது. முழங்கால் உயரம், பளபளப்பான பச்சை இலை, இலையின் நடுவே வெளிறிய நரம்பு, ஐந்து இதழ் கொண்ட பூ. சிலவற்றில் பூ இளஞ்சிவப்பு, சிலவற்றில் தூய வெண்மை.

நாள் தவறாமல் பூப்பதால் தமிழில் அதற்கு நித்திய கல்யாணி என்று பெயர். பிணம் எரிக்கும் இடங்களில் மண்டிக் கிடப்பதால் சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் உண்டு. நம் வீட்டுப் பெண்கள் அதனை மையவாடிப் பூ என்றே சொல்வார்கள். சிறுவயதில் ஒரு நாள் கைநிறையப் பறித்துக்கொண்டு வீடு சென்றபோது, வாசற்படியிலேயே உம்மா தட்டிவிட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. மௌத்தானவர்களின் பூவை வீட்டுக்குள் கொண்டு வரலாகாது என்பது அவர்களின் கண்டிப்பு.

கப்ருகளின் மீது பசுமை இருப்பதை நம்மவர்கள் விரும்புகிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் பச்சைப் பேரீச்ச மட்டையை இரண்டாகப் பிளந்து இரு கப்ருகளின் மீது ஊன்றிய செய்தி ஹதீஸ் நூல்களில் வருகிறது. நாம் ஊன்றும் கொம்புகள் சில நாட்களில் காய்ந்து விடுகின்றன. இந்தச் செடியோ, நீர் ஊற்றுவார் இல்லாமலும் காய்வதில்லை. வேலி தாண்டி வரும் ஆடுகள் எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டு இதை மட்டும் முகர்ந்து பார்த்து விலகிச் செல்கின்றன. அவை ஏன் விலகுகின்றன என்று அறுபது வயது வரை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தது ஒரு குழந்தையின் நோய்.

2017 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். நம் தங்கையின் பேரன், ஆறு வயதுப் பிள்ளை, காய்ச்சலில் படுத்தான். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பல் துலக்கினால் ஈறில் இரத்தம். கால் எலும்பு வலிக்கிறதென்று இரவெல்லாம் அழுகை. அடிபடாத இடத்தில் கன்றிய நீலத் தடங்கள். முதலில் கண்ணேறு என்றார்கள், ஓதிப் பார்த்தார்கள். பின்னர் மதுரைக்குக் கொண்டு சென்றார்கள். இரத்தத்தையும் எலும்பு மச்சையையும் சோதித்த மருத்துவர்கள், குழந்தைகளுக்கு வரும் கடும் இரத்தப் புற்றுநோய் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் வீடு மையித்து வீடு போல் ஆயிற்று.

ஆனால் அந்த மருத்துவ அம்மையார் கூறியது வேறு. இது குணமாகும் நோய். சிறந்த வசதிகள் உள்ள இடங்களில் இந்த நோய் கண்ட குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். இரண்டரை ஆண்டுகள் பொறுமையாக வைத்தியம் செய்ய வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. இவ்வளவே அவர் கேட்டுக்கொண்டது. முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை ஓர் ஊசி. அதனுடன் வேறு ஊசிகளும் மாத்திரைகளும். வாரம் ஒருமுறை போடும் அந்த மருந்து விரல் நகம் நனையும் அளவே இருந்தது. குப்பியில் ஒரு மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. வின்கிரிஸ்டின் என்பது அதன் பெயர்.

பெயரை எழுதிக்கொண்டு வந்து தேடிப் படித்தோம். படித்தபோது மெய்சிலிர்த்தது. அது ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கப்படும் மருந்து. அந்தச் செடி வேறெதுவும் அன்று. நம் உம்மா வாசலில் தட்டிவிட்ட அதே மையவாடிப் பூ!

அன்று மஃரிபுக்குப் பின் தங்கை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதனை எல்லோருக்கும் விரித்துரைத்தோம். இறந்தவர்களின் தலைமாட்டில் நிற்கும் செடியில், இறக்கும் தறுவாயில் உள்ள குழந்தைக்கு உயிர்ப்பிச்சையை வைத்திருக்கும் வல்ல நாயனின் கருணையை வியந்து பேசினோம். நோயை இறக்கியவன் அதற்கு மருந்தையும் இறக்கியே இருக்கிறான் என்னும் கருத்துள்ள நபிமொழியை நினைவூட்டினோம். பெண்கள் கண்ணீர் விட்டார்கள். அன்றிரவு அந்த வீட்டில் பல நாட்களுக்குப் பிறகு அடுப்பு ஒழுங்காக எரிந்தது. நல்லதொரு செய்தியைச் சொல்லி நாலு உள்ளங்களை ஆற்றினோம் என்ற நிறைவோடு நாம் வீடு திரும்பினோம்.

ஒன்பதாம் நாள் பிள்ளையை மீண்டும் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. ஓயாத வாந்தி, கடுங்காய்ச்சல், இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்து போயிருந்தன. வெளியிலிருந்து என்ன கொடுத்தீர்கள் என்று மருத்துவ அம்மையார் ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லோரும் ஒன்றுமில்லை என்றார்கள். தங்கை மட்டும் தலை குனிந்து நின்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நம்மைப் பார்த்துச் சொன்னாள்:

“காக்கா, அந்த ஊசியில இருக்கிறது அந்தச் செடிதான்னு நீங்கதானே சொன்னிய? ஊசி வாரத்துக்கு ஒண்ணுதான் போடுறாங்க. தண்ணிய தினமும் காய்ச்சிக் கொடுத்தா பிள்ளைக்குச் சீக்கிரம் சுகமாகும்னு நெனச்சேன்.”

நான்கு நாட்கள் யாருக்கும் தெரியாமல், ஆள் விட்டு மையவாடியிலிருந்து இலை பறித்து வரச் செய்து, நாலு குவளை நீரை ஒரு குவளையாக வற்றக் காய்ச்சி, தேன் கலந்து, ஸலவாத்து ஓதிக் கொடுத்திருக்கிறாள். அதில் அன்பைத் தவிர வேறு எந்தக் கலப்பும் இல்லை.

மருத்துவ அம்மையார் அவளைக் கடிந்து பேசவில்லை. காய்ச்சலுக்கும் வாந்திக்கும் இந்த இலைநீர்தான் காரணம் என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஊசியின் விளைவாகவும் இவை வரும். ஆனால் இரண்டும் சேர்ந்துவிட்டால் எது எதனால் என்று பிரித்தறிய நமக்கு வழியில்லாமல் போகிறது. அந்த இருட்டில் பிள்ளைக்கு அடுத்த ஊசியை எந்த அளவில் போடுவது என்றார். பிறகு நம் பக்கம் திரும்பி, “படித்தவர்தானே நீங்கள்? கதையைச் சொன்னவர் முழுவதையும் சொல்லியிருக்கலாமே” என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்னும் கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூதில் உள்ளது. நாம் மருந்து எதுவும் கொடுக்கவில்லை, பேச்சைத்தான் கொடுத்தோம். ஆனால் அந்தப் பேச்சுதான் அடுப்பில் ஏறியது. ஆகவே அன்று திண்ணையில் சொல்லாமல் விட்ட மறுபாதியை இங்கே சொல்லிவிடுவது நம் மீது கடமையாகிறது.

நித்திய கல்யாணியின் தாயகம் நம் நாடு அன்று. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவு. அழகுக்காகக் கப்பலேறி வெப்ப நாடுகள் எங்கும் பரவிய செடி இது. சென்ற இடமெல்லாம் மக்கள் அதனை நாட்டு மருந்தாகவும் ஆக்கிக்கொண்டார்கள். ஜமைக்காத் தீவில் நீரிழிவுக்காரர்கள் அதன் இலையைத் தேநீர் போலக் காய்ச்சிக் குடித்து வந்தனர். 1952 ஆம் ஆண்டில் அந்த இலைகளில் இருபத்தைந்து, ஓர் உறையில் வைக்கப்பட்டுக் கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிள் என்பவருக்கு வந்து சேர்ந்தன. அவர் அவற்றை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த தம் சகோதரர் இராபர்ட் நோபிளுக்கு அனுப்பி வைத்தார்.

இராபர்ட் நோபிள் இலைச்சாற்றை விலங்குகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார். இரத்தத்தின் சர்க்கரை குறையவில்லை. குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் தோன்றவில்லை. சாற்றை ஊசி வழியாக எலிகளின் உடலில் செலுத்தினார். அப்போதும் சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகள் சில நாட்களில் கிருமித் தொற்றினால் மாண்டன. வேறொருவராக இருந்தால் இலையைக் குப்பையில் எறிந்திருப்பார். அவரோ எலிகள் ஏன் மாண்டன என்று கேட்டார். அவற்றின் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. எலும்பு மச்சை வாடியிருந்தது. வெள்ளை அணுக்களை இவ்வளவு குறைக்கும் பொருள், வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு மருந்தாகலாம் அன்றோ என்ற எண்ணம் அங்கிருந்தே பிறந்தது.

சார்லஸ் பியர் என்ற இரசாயன அறிஞர் அவருடன் சேர்ந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958 இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இன்று வின்பிளாஸ்டின் என வழங்குவது அதுவே. அதே காலத்தில் அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தினரும் இச்செடியை ஆராய்ந்து வந்தனர். அங்கே கார்டன் ஸ்வபோடா என்பவர் தனித்தெடுத்த மற்றொரு பொருள்தான் வின்கிரிஸ்டின். 1963 இல் அது மருந்தாக அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது.

நாம் திண்ணையில் சொல்லாமல் விட்டது எது என்பது இப்போது விளங்கும். இந்த வரலாற்றின் முதல் பக்கத்திலேயே, இலைநீரைக் குடித்ததால் பயன் விளையவில்லை என்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், ஊசி வழியாகச் செலுத்தப்பட்ட உயிர்கள் மாண்டன என்று இருக்கிறது. அந்த இரண்டு பக்கங்களையும் விட்டுவிட்டு மூன்றாம் பக்கத்து அற்புதத்தை மட்டும் நாம் எடுத்துரைத்தோம்.

இனி அளவைப் பாருங்கள். ஒரு டன் காய்ந்த இலையைச் சலித்துப் பிழிந்தாலும் அதிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் சில கிராம்களே. பிள்ளைக்கு வாரம் ஒருமுறை வேண்டியதோ ஒரு மில்லிகிராம் அளவு; அது பிள்ளையின் உடற்பரப்பைக் கணக்கிட்டு அளக்கப்படுவது; எவ்வளவு பெரியவராயினும் ஒருவேளைக்கு இரண்டு மில்லிகிராமுக்கு மேல் போவது வழக்கமில்லை. தங்கை காய்ச்சிய ஒரு கைப்பிடி இலையில் அந்த மருந்து இருந்ததென்று சொல்லவும் முடியாத அளவே இருந்திருக்கும். வாய் வழியே சென்றால் அதுவும் உடலில் ஒழுங்காகச் சேராது. ஆனால் அந்த இலையில் வேறு பல சத்துகள் உண்டு. இந்த ஒரு செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகளை அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். ஆக, வேண்டியது குவளையில் இல்லை, வேண்டாதவை இருந்தன.

வேண்டியது ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் இரண்டு துண்டுகள் இணைந்து உண்டாகும் பொருள்கள். ஒரு துண்டின் பெயர் காதரந்தின். மற்றதன் பெயர் விண்டோலின். செடி முதல் துண்டை இலையின் மேற்புறத்து மெழுகுப் படலத்தில் கொண்டுபோய் வைக்கிறது. இரண்டாவதை இலையின் உள்ளே பூட்டி வைக்கிறது. இரண்டும் சந்திக்கும் வாய்ப்பே குறைவு. சந்திக்கும் சிற்றளவில்தான் மருந்து பிறக்கிறது. இந்தக் கசப்பையெல்லாம் செடி நமக்காகச் செய்து வைக்கவில்லை. தன் இலையைத் தின்ன வருபவற்றை விரட்டவே செய்து வைத்திருக்கிறது. மையவாடி ஆடுகள் முகர்ந்துவிட்டு விலகியதன் காரணம் இதுவே. ஆட்டுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

வின்பிளாஸ்டினுக்கும் வின்கிரிஸ்டினுக்கும் உள்ள வேற்றுமை இன்னும் வியப்பூட்டுவது. ஒவ்வொன்றிலும் நாற்பத்தாறு கார்பன் அணுக்கள். முன்னதில் ஓர் இடத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கி ஓர் ஆக்சிஜன் அணுவை வைத்தால் அது பின்னதாகிவிடும். இந்தச் சிறு மாற்றத்தால் மருந்தின் குணமே மாறுகிறது. வின்பிளாஸ்டின் எலும்பு மச்சையை வாட்டும். ஹாட்ஜ்கின் என்னும் நிணநீர்க்கட்டிப் புற்றுக்கு அது பயன்படுகிறது. வின்கிரிஸ்டின் மச்சையை அவ்வளவாக வாட்டாது, நரம்பை வாட்டும், குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு அது பயன்படுகிறது. ஒரே இலையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பொருள்கள்! இரண்டும் செய்யும் வேலை என்னவோ ஒன்றே. உடலின் அணு இரண்டாகப் பிரியும்போது, தறியில் பாவு ஓட்டியது போல் அதனுள் மெல்லிய இழைகள் ஓடுகின்றன. அவ்விழைகளே மரபுக்கூறுகளை இருபுறமும் இழுத்துப் பங்கிடுகின்றன. இந்த மருந்துகள் அவ்விழைகளைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. பாவு இல்லாத தறி நின்றுவிடுவது போல, பெருகும் அணு பாதி வழியில் நின்று மடிகிறது. புற்றணு ஓயாமல் பெருகுவதால் அதுவே அதிகம் அகப்படுகிறது. ஆயினும் நல்ல அணுக்களும் நரம்பு இழைகளும் தப்புவதில்லை.

அந்த ஊசியை இரத்தக் குழாயில் மட்டுமே போட வேண்டும். குழாயிலிருந்து கசிந்தால் சுற்றியுள்ள சதை புண்ணாகும். தவறி முதுகுத்தண்டில் போட்டுவிட்டால் உயிரே போய்விடும். இதற்காக மருத்துவமனைகளில் அந்தக் குப்பியைத் தனியே வைத்து, இருவர் பெயரைச் சரிபார்த்த பின்னரே போடுகிறார்கள். நாம் உயிர்ப்பிச்சை என்று புகழ்ந்த பொருள் இத்தன்மையது. பகைவனைப் போல் எச்சரிக்கையோடு கையாளும்போது மட்டுமே அது நண்பனாகிறது.

மூலிகை என்றால் தீங்கற்றது, இரசாயனம் என்றால் தீங்கு என்று நம் வீடுகளில் பேசுகிறோம். செடிக்குள் இருப்பதும் இரசாயனமே என்பதை மறந்துவிடுகிறோம். இதை நமக்கு நினைவூட்ட வேண்டியவர்கள் வேறெவரும் அல்லர், நம் முன்னோரே என்பதுதான் வியப்பு. ஆல்கலாய்டு என்ற சொல்லின் பிறப்பையே பாருங்கள். அரபியில் அல்கலீ என்பது உவர் நிலத்துச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பல் உப்பு. அந்தச் சாம்பலிலிருந்துதான் அக்காலத்தில் சவுக்காரமும் கண்ணாடியும் செய்தார்கள். நம் ஊர் உப்பளங்களின் ஓரத்தில் தரையோடு படர்ந்து சிவந்து கிடக்கிறதே உமரி, அந்த இனத்துச் செடிகள்தாம் அவை. அரபியரிடமிருந்து அச்சொல் ஐரோப்பியரிடம் சென்று காரப் பொருள்களுக்குப் பெயராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்டுர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். செடிகளுக்குள் காரத் தன்மையுள்ள பொருள்கள் இருப்பது அதனால் தெரிய வந்தது. 1819 இல் மைஸ்னர் என்பவர் அவற்றுக்கு ஆல்கலாய்டு, அதாவது அல்கலீயைப் போன்றது, என்று பெயரிட்டார். நம் பிள்ளையின் குப்பியில் இருந்ததற்கும் அதுவே குலப்பெயர்.

பெயரை மட்டும் கொடுத்தவர்கள் அல்லர் அவர்கள்; முறையையும் கொடுத்தார்கள். இப்னு சீனா அவர்கள் தமது ‘அல்கானூன்’ நூலின் இரண்டாம் பகுதியில் ஏறக்குறைய எண்ணூறு தனி மருந்துகளை விவரிக்கிறார்கள். விவரிப்பதற்கு முன், ஒரு மருந்தின் குணத்தை அனுபவத்தால் அறிவதற்கு ஏழு நிபந்தனைகளை வகுக்கிறார்கள். மருந்து கலப்பற்றதாக இருக்க வேண்டும்; பல நோய்கள் பின்னிய உடலில் சோதித்தல் கூடாது; மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்; அது எந்நேரத்தில் வேலை செய்கிறது என்று கவனிக்க வேண்டும்; ஒருமுறை பலித்ததை நம்பாமல் எப்போதும் அல்லது பெரும்பாலும் பலிக்கிறதா என்று பார்க்க வேண்டும்; விலங்கிடம் கண்டதை வைத்து மனித உடலுக்குத் தீர்ப்புச் சொல்லலாகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இவற்றுள் எத்தனையை நம் திண்ணைப் பேச்சு மீறியிருந்தது என்று எண்ணிப் பார்த்து வெட்கினோம். மருத்துவ அம்மையார் கேட்ட கேள்வியும், பல மருந்துகள் கலந்தால் எது எதனால் என்று எப்படி அறிவது என்பதுதானே?

அண்மைக் காலத்திலும் இந்த முறையைப் பேணியவர் நம்மிடையே உண்டு. தில்லியில் திப்பியா கல்லூரியை நிறுவிய ஹகீம் அஜ்மல் கான் அவர்கள், தலைமுறை தலைமுறையாக ஹகீம்களாக விளங்கிய குடும்பத்தில் வந்தவர்கள். யூனானி மருந்துகளைப் புதிய இரசாயன முறையில் ஆராய வேண்டும் என்று அவர்களே விரும்பினார்கள். தம் முன்னோரின் மருந்தைச் சோதனைச் சாலையில் வைத்துப் பார்ப்பது முன்னோரை இழிவுபடுத்துவதாக அவர்கள் எண்ணவில்லை. அந்த விருப்பத்தை நிறைவேற்றியவர் ஜெர்மனியில் பயின்று வந்த டாக்டர் ஸலீமுஸ்ஸமான் சித்தீக்கி. ஹகீம்ஜி 1927 இறுதியில் காலமானார்கள். சித்தீக்கி, பாம்புக்கடிக்கும் மன நோய்க்கும் நாட்டு வைத்தியர்கள் பயன்படுத்திய சர்ப்பகந்தி வேரை ஆராய்ந்து, 1931 இல் அதிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்குத் தம் புரவலர் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் மறைந்த கோளாறு ஒன்றைக் கண்டறியும் சோதனையில் அது இன்றும் பயன்படுகிறது. அஜ்மலின் என்பதோடு உறவுள்ள மற்றொரு பொருளுக்கும் அவர் பெயரே வழங்குகிறது, அது அஜ்மலிசின். இரத்த ஓட்டத்துக்கான மருந்துகளில் சேரும் அந்த அஜ்மலிசின், நித்திய கல்யாணியின் வேரிலும் இருக்கிறது. ஆக, நம் பெற்றோரின் தலைமாட்டு மண்ணுக்குள்ளும் ஒரு ஹகீமின் பெயர் வேரோடியிருக்கிறது.

இலையும் வேரும் வெறும் மையவாடிச் சரக்காகவும் இல்லை. தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இதனைப் பயிரிட்டு மருந்துத் தொழிலுக்கு அனுப்புகிறார்கள். கடல் கடந்தும் செல்கிறது. மழை பொய்த்த ஆண்டிலும் கைவிடாத பயிர் என்பதால் நம் பக்கத்துக் கரிசல் விவசாயிகள் பலர் இதை நம்பியிருக்கிறார்கள். 2019 இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே குழந்தைகளின் பெற்றோர் கலங்கி நின்றனர். 2022 இல், ரொட்டி பொங்கச் செய்யும் ஈஸ்டின் மரபுக்கூறுகளை மாற்றி, விண்டோலின், காதரந்தின் ஆகிய இரண்டு துண்டுகளையும் அதனைக்கொண்டே உண்டாக்கி அறிஞர்கள் வெளியிட்டார்கள். செடி இல்லாமலும் மருந்து வரும் காலம் வரலாம். அப்படி வந்தாலும் வழியைக் காட்டியது இந்தச் செடிதான்.

இவற்றை எழுதுவதால், நாட்டு மருந்தை நாம் இகழ்வதாக எவரும் கருத வேண்டாம். இராபர்ட் நோபிளின் மேசைக்கு அந்த இலையைக் கொண்டு சேர்த்தது ஜமைக்காவின் ஏழைகள் குடித்த தேநீர்தான். சர்ப்பகந்தியைச் சித்தீக்கிக்குக் காட்டியது நாட்டு வைத்தியரின் பைதான். திருமறை தேனில் ஷிஃபா உண்டென்கிறது. கருஞ்சீரகத்தின் சிறப்பு ஹதீஸில் இருக்கிறது. சளிக்குத் துளசியும், செரியாமைக்கு ஓமமும் நம் வீடுகளில் என்றும் இருக்கட்டும். நாம் சொல்ல விழைவது இரண்டே. பெரிய நோய்க்குப் பெரிய மருந்து நடக்கும்போது, கருஞ்சீரகமே ஆயினும், கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஒரு மருந்து மற்றொன்றின் அளவை ஏற்றவும் இறக்கவும் கூடும். மற்றொன்று, மூலிகையின் புகழைப் பேசுவோர் அதன் அளவையும் ஆபத்தையும் சேர்த்தே பேசுங்கள். கேட்பவர்களுள் ஒரு பெத்தும்மா இருப்பாள்; அவள் கையில் ஒரு பிள்ளை இருக்கும்.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பதினொரு நாட்களில் காய்ச்சல் நீங்கி எழுந்தான். சிகிச்சை இடையறாது நடந்து 2020 தொடக்கத்தில் முடிந்தது. நடுவில் தலைமுடி உதிர்ந்தது, தாடை வலித்தது, பாதம் தளர்ந்து, செருப்பு கழன்று கழன்று விழ, பல மாதங்கள் காலை இழுத்து நடந்தான். அவையெல்லாம் அந்த மருந்து வாங்கிக்கொண்ட கூலி. படிப்படியாக நரம்புகள் தேறின. தங்கை மட்டும் நெடுநாள் தேறவில்லை. பிள்ளைக்கு நஞ்சு கொடுத்துவிட்டேன் என்று தஹஜ்ஜுதில் அழுவாள். அந்தப் பாவத்தில் பாதிக்கு மேல் நம்முடையது என்று பலமுறை சொன்னோம். “இல்லை காக்கா, நீங்க நல்லதுக்குத்தான் சொன்னிய” என்பாள். நல்லதுக்குச் சொல்வது வேறு, முழுவதும் சொல்வது வேறு என்று அவளிடம் விளக்க நமக்கு நா எழவில்லை.

இப்போது அவன் நம் தோள் உயரம் வளர்ந்துவிட்டான். சில வெள்ளிக்கிழமைகளில் நம்மோடு மையவாடிக்கு வருகிறான். சென்ற மாதம் ஒரு கப்ரின் ஓரத்தில் குனிந்து அந்தப் பூவைத் தொட்டுப் பார்த்து, “இதுதானா நன்னா, எனக்குப் போட்ட ஊசி?” என்று கேட்டான்.

இதிலிருந்து எடுத்தது என்றோம். பிறகு மணலிலேயே அமர்ந்து, ஜமைக்காவின் தேநீரிலிருந்து மாண்ட எலிகள் வரை, அவனுடைய பெத்தும்மாவின் குவளை வரை, ஒன்றையும் விடாமல் சொன்னோம். வெயில் ஏறும் வரை கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, பூவைப் பறிக்காமல் வந்தான். நோயுற்ற குழந்தைகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. நம் நாவுகளுக்கும் அடக்கத்தைத் தருவானாக. ஆமீன்.